ஏரியைச் சுத்தம் பண்ணினது நான்தான்

உட்காரும்மா, உட்காரு. இடம் இருக்கு. இவனைப் பார்த்துத் தயங்க வேணாம், இவன் ஒண்ணும் பண்ண மாட்டான். என் தம்பிதான், கூடப் பொறந்தவன். சபாநடேசன்னு பேரு. நீ சிரிச்சதுக்குத் திருப்பிச் சிரிக்கலையேன்னு தப்பா எடுத்துக்காதே. அவன் பேசறதில்ல. வாய் பேச வராதவன்னு நினைச்சுடாதே, நல்லா பேசினவன்தான். இப்ப பேசறதில்ல, அவ்வளவுதான்.

டேய், கொஞ்சம் நகருடா. அந்தப் பொண்ணு உட்காரட்டும். பாத்தியா, கையைப் பிடிச்சு இழுத்தாத்தான் நகருவான்.

நீ எதிர்ல புதுசா கட்டின ஃபிளாட்டுதானே? பால்கனியில நீ நிக்கறதைப் பார்த்திருக்கேன். இங்கயும் தினம் வர்றே, காதுல எதையோ மாட்டிக்கிட்டுத் தனியா உட்கார்ந்துட்டுப் போறே. ஆபீஸ் வேலையெல்லாம் வீட்டுலயேவா? அதான் முகம் இப்படி வாடிக் கிடக்கு. வரணும்மா, வெளிய வரணும். அதுக்குத்தானே இத்தனையும் பண்ணி வெச்சிருக்கோம். ஏரி வியூன்னு சொல்லித்தானே உனக்கு அந்த ஃபிளாட்டைத் தள்ளியிருப்பாங்க? அந்த வியூவுக்கு யார் காரணம்னு நினைக்கறே? நான்தான். பெருமைக்குச் சொல்லல. ஜெயலட்சுமி நகர்ல யாரை வேணா கேளு, கனகவல்லி டீச்சர் இல்லேன்னா சித்தேரி இன்னும் சாக்கடையாத்தான் கிடந்திருக்கும்னு சொல்லுவாங்க.

நீ அப்போ பார்த்திருக்கணும். பார்க்காம இருந்ததே நல்லது. இந்த நடைபாதை இருக்கே, இதெல்லாம் சேறு. அந்தப் பக்கம் முழுக்க ஆள் உயரத்துக்குச் சம்பு, கோரை. கரையெல்லாம் சீமைக்கருவேல முள்ளு. தண்ணி எங்க இருக்குன்னே தெரியாது. கொசுன்னா கொசு, அப்படி ஒரு கொசு. பாம்பு வேற. நான் கண்ணால பார்த்ததில்ல, ஆனா இருக்கும்ல? அந்த மாதிரி இடத்துல பாம்பு இல்லாம இருக்குமா?

அந்தச் சேத்துக்குள்ளதான் இவன் போய் உட்கார்ந்தான்.

முதல்லேருந்து சொல்றேன், அவசரம் ஒண்ணும் இல்லையே உனக்கு?

இவன் ஓசூர்ல இருந்தான். கம்பெனியில டிராயிங் போடற வேலை. இவன் போடற கோடு மயிரிழை நகராதுன்னு சொல்லுவாங்க. குழந்தை இல்ல. அவனும் அவன் சம்சாரமும் மட்டும்தான். கொரோனா வந்ததா, அவ போய்ச் சேர்ந்துட்டா. ஆஸ்பத்திரியில விட்டவன் அப்புறம் முகத்தைக்கூடப் பார்க்கல. அப்படி எத்தனையோ பேருக்கு நடந்தது, இவனுக்கு மட்டுமா? எல்லாரும் எழுந்து நடமாடலையா? இவன் எழுந்துக்கல. வேலைக்குப் போகல. கம்பெனிக்காரன் பார்த்தான் பார்த்தான், அப்புறம் வேணாம்னுட்டான். பக்கத்து வீட்டுக்காரங்க எனக்குப் போன் பண்ணி, "உங்க தம்பி கதவைத் திறக்கறதே இல்லைங்க, வந்து பாருங்க"ன்னாங்க. போய்ப் பார்த்தா, தாடியும் அழுக்கு லுங்கியுமா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கான். அப்படியே கார் வெச்சு அள்ளிக்கிட்டு வந்துட்டேன். என் வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாச்சு, பொண்ணு பூனாவுல இருக்கா. நான் ஒண்டி. வேற யார் பார்ப்பா இவனை?

இங்க வந்தும் அதே சுவர், அதே படுக்கை. தட்டுல சோறு வெச்சா ஆறிப் போய்க் கிடக்கும். டாக்டர்கிட்டக் காட்டினேன். மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "வீட்டுக்குள்ளயே அடைச்சு வெக்காதீங்கம்மா. வெளிய கூட்டிட்டுப் போங்க. மரம், செடி, தண்ணின்னு கண்ணுல படட்டும். டவுன்ல இருக்கறவங்களுக்கு அதுவே பாதி மருந்து"ன்னார். நல்ல டாக்டர். ஆனா மரத்துக்கு நான் எங்க போறது? எங்க தெருவுல இருந்த ஒரே புங்க மரத்தையும் கரண்டுக் கம்பியில படுதுன்னு வெட்டியாச்சு. மொட்டை மாடியில ரெண்டு தொட்டி வாங்கி வெச்சேன். இவன் ஏறிப் பார்க்கவே இல்ல.

ஒரு நாள் காலையில எழுந்து பார்க்கறேன், ஆளைக் காணோம். தெருத் தெருவா தேடினேன். பால்காரர்தான், "உங்க தம்பி ஏரிப் பக்கம் போனாருங்க"ன்னார். ஏரின்னதும் எனக்கு எது மனசுல ஓடியிருக்கும்னு உனக்குத் தெரியும். முள்ளு கிழிக்கக் கிழிக்க ஓடறேன். பார்த்தா, இவன் முழங்கால் சேத்துல, கோரைக்கு நடுவுல குந்திக்கிட்டிருக்கான். "டேய் சபா!"ன்னு கத்தினேன். திரும்பி, வாயில விரலை வெச்சு, "அக்கா, சத்தம் போடாதே. குஞ்சு இருக்கு"ன்னான்.

வீட்டுக்கு வந்தப்புறம் அவன் பேசின முதல் பேச்சு அதுதான். ஒரு "எப்படிக்கா இருக்கே" கிடையாது, ஒரு "உனக்குக் கஷ்டம் கொடுக்கறேனே" கிடையாது. குஞ்சு இருக்கு.

நீலமா ஒரு கோழிம்மா. மூக்கும் நெத்தியும் சிவப்பா இருக்கும். பேர் சொல்லுவான், எனக்கு எங்க ஞாபகம் இருக்கு. நாணலை ஒடிச்சுப் போட்டு அது மேல கூடு கட்டி வெச்சிருந்தது. அதுக்கப்புறம் தினம் விடிஞ்சா ஏரி, சாயங்காலமானா ஏரி. திரும்பி வந்து சாப்பிடுவான். சும்மா சொல்லக்கூடாது, நல்லா சாப்பிட்டான். ரெண்டாந்தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தாடியை எடுத்தான். தூங்கினான். ஆனா வாயைத் திறந்தா அந்தக் கோழி, இந்தக் கொக்கு, தண்ணிக்குள்ள முங்கி அந்தாண்டை போய் எழுந்திருக்கற ஏதோ ஒரு குட்டி வாத்து. வேற பேச்சே இல்ல. நான் பக்கத்துல உட்கார்ந்து, "சபா, நம்ம அம்மா செய்யற பால் கொழுக்கட்டை ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டா, "ம்"ம்பான். "இன்னைக்குக் கோழி ரெண்டு குஞ்சுக்கும் தண்டை ஒடிச்சு ஊட்டிச்சுக்கா"ம்பான்.

வீடெல்லாம் சேறு. செருப்பு ஒரு பக்கம், கால் தடம் ஒரு பக்கம். நான் குறை சொல்லல. சொல்றேன், அவ்வளவுதான்.

அங்க அமலோற்பவம்னு ஒரு பொம்பளை வருவா. ஏரியில இறங்கி பொன்னாங்கண்ணி, வள்ளக்கீரைன்னு அறுத்துக் கட்டு கட்டி விக்கறவ. முட்டிக்கு மேல புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நிப்பா. இவன் அவகூட உட்கார்ந்து பேசறான்னு எதிர் வீட்டம்மா சொன்னாங்க. "பேசறாரு டீச்சர், சிரிக்கிறாருகூட"ன்னாங்க. அவங்க நல்ல விதமாத்தான் சொன்னாங்க. ஆனா கேக்கற எனக்கு எப்படி இருக்கும்? ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து, ஊர்ல நாலு பேர் மதிக்கற மாதிரி வாழ்ந்தவ நான்.

போய்ப் பார்த்துடலாம்னு ஒரு நாள் பின்னாடியே போனேன். ஒளிஞ்சு கேக்கணும்னு இல்ல, முள்ளு மறைச்சுக்கிட்டிருந்தது. அவ கீரையை அலசிக்கிட்டிருக்கா, இவன் கரையில உட்கார்ந்து சொல்லிக்கிட்டிருக்கான், அவன் சம்சாரத்தைப் பத்தி. ஆஸ்பத்திரியில முதல்ல ஜன்னலோரக் கட்டில் கொடுத்தாங்களாம். அங்கேருந்து ஒரு வேப்ப மரம் தெரியுமாம், அதுல காக்கா கூடு கட்டியிருந்ததாம். தினம் போன்ல இவன்கிட்ட அதைத்தான் சொல்லுவாளாம், இன்னைக்கு ஒரு குச்சி கொண்டு வந்துச்சு, இன்னைக்கு அடைக்கு உட்கார்ந்துச்சுன்னு. அப்புறம் மூச்சு முட்டுதுன்னு உள்ள வேற ரூமுக்கு மாத்திட்டாங்க. அங்க ஜன்னலே இல்லையாம். "காக்கா குஞ்சு பொரிச்சுதான்னு யாரையாவது கேட்டுச் சொல்லுங்க"ன்னாளாம். "நான் யாரைக் கேக்கறது அமலு, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலே போலீஸ் தொரத்துச்சே"ன்னு சொல்லி இவன் அழறான். விக்கி விக்கி அழறான். அவ கீரையை அப்படியே தண்ணியில விட்டுட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா.

எனக்குத் தாங்கலம்மா. எதுக்குன்னு கேக்கறியா? சோறு போடறது நான், மாத்திரை கொடுக்கறது நான், ராத்திரி மூச்சு வருதான்னு பார்க்கறது நான். எங்கிட்ட அவளைப் பத்தி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னதில்ல. கீரைக்காரிகிட்டச் சொல்றான்.

அதுக்காகத்தான் ஏரியைச் சுத்தம் பண்ணச் சொன்னேன்னு நீ நினைச்சுடாதே. அது வேற, இது வேற. நான் நினைச்சது என்னன்னா, இந்தச் சேத்துலயே இவனுக்கு இவ்வளவு குணம் தெரியுதே, இதையே ஒழுங்கா, சுத்தமா, நாலு பேர் வர்ற மாதிரி ஆக்கிட்டா எவ்வளவு குணம் தெரியும்? கணக்கு சரியாத்தானே இருக்கு? டாக்டரும் பச்சைன்னுதானே சொன்னார், சேறுன்னு சொல்லலையே.

வீடு வீடா ஏறி இறங்கினேன். கையெழுத்து வாங்கினேன். கவுன்சிலரைப் பார்த்தேன், ஆபீசரைப் பார்த்தேன். "எங்க ஏரியாவுல மன அழுத்தத்தால எத்தனை பேர் கஷ்டப்படறாங்க தெரியுமா, என் வீட்டுலயே ஒருத்தன் இருக்கான்"னு இவனைக் கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். ஆபீசர் எழுந்து நின்னு இவனுக்குக் கை கொடுத்தார்னா பாரேன்.

இவன் ஒரு தடவைதான் சொன்னான். சாப்பிட்டுக்கிட்டிருந்தவன் சோத்துல கையை வெச்சபடியே, "வேணாங்க்கா. அது அப்படியே இருக்கட்டும்"னான். கூச்ச சுபாவம் இவனுக்கு. சின்ன வயசுலேருந்தே தனக்குன்னு எதுவும் கேக்க மாட்டான். நானாத்தான் பார்த்துச் செய்யணும்.

வெயில் காலத்துல ஜேசிபி வந்தது. அன்னைக்குத்தான் மானம் போச்சு. கோரைக்குள்ள போய் நின்னுக்கிட்டான். வெளிய வரமாட்டேங்கறான். டிரைவர் ஹாரன் அடிக்கறான், ஜனங்க செல்போன்ல படம் பிடிக்கறாங்க. "அடைக்கு உட்கார்ந்திருக்குய்யா, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கய்யா, பொரிச்சதும் போயிடும்யா"ன்னு கும்பிடறான், அந்த ஜேசிபி டிரைவரைப் போய்க் கும்பிடறான்! படிச்சவன், கம்பெனியில டிராயிங் போட்டவன். அமலோற்பவம் வேற கூட நின்னுக்கிட்டு, "அண்ணனை விடுங்கய்யா, அதுக்கு உசுரே இதுலதான்யா இருக்கு"ன்னு ஒப்பாரி. நான்தான் இறங்கிப் போய், கன்னத்துல ஒண்ணு கொடுத்து... அடின்னு இல்ல, சும்மா தட்டி, இழுத்துக்கிட்டு வந்தேன். அக்கா சொன்னா கேப்பான். கேட்டான். என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தான். பின்னாடி அந்த மெஷின் சத்தம் வர வர இவன் கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரையைக் கூட்டிக்கிட்டேன்.

அப்புறம் வேலை மளமளன்னு நடந்தது. தூர் வாரினாங்க, சுத்தி கல்லு பதிச்சாங்க, கம்பி வேலி போட்டாங்க. நடுவுல அந்த ஃபவுண்டன். ராத்திரி ஏழு கலர்ல அடிக்கும், உன் பால்கனியிலேருந்து நல்லா தெரியுமே. தூங்க முடியலையா? திரை போட்டுக்கோ. கீரை கீரைன்னு எவளும் உள்ள இறங்கக்கூடாதுன்னு வாட்ச்மேனையும் போட்டாச்சு.

அதோ பாரு, அந்தப் புல்தரையில நிக்குதே, நீலக் கோழி. சிமெண்டுதான், ஆனா பார்த்தா சிமெண்டு மாதிரியா இருக்கு? அது என் ஐடியா. காண்டிராக்டர் மானும் பென்குவினும் வெக்கறேன்னார். நான்தான், "அதெல்லாம் வேணாம், என் தம்பிக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு"ன்னு சொல்லி, பெயிண்ட்காரனை உட்கார வெச்சு மூக்குக்குச் சிவப்பு, உடம்புக்கு நீலம்னு சொல்லிச் சொல்லி அடிக்க வெச்சேன். பின்னாடி குஞ்சுகூட வெக்கச் சொன்னேன். எந்த அக்கா செய்வா சொல்லு?

திறப்பு விழா அன்னைக்கு இவனுக்குப் புது வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து முதல் வரிசையில உட்கார வெச்சேன். மைக்குல என் பேரைச் சொல்லிச் சால்வை போர்த்தினாங்க. நானும் நாலு வார்த்தை பேசினேன். "இந்தப் பூங்கா என் தம்பிக்கு நான் கொடுக்கற மருந்து"ன்னேன். ஒரே கைதட்டல்.

அந்தப் பாறை தெரியுதா, விளக்குக் கம்பம் பக்கத்துல? அது பாறை இல்லம்மா, ஸ்பீக்கர். அதுல காட்டுச் சத்தம், பறவைச் சத்தமெல்லாம் போடுவாங்க. மனசுக்கு அமைதியா இருக்கும்னு. அன்னைக்குத்தான் முதல் முதலா போட்டாங்க. கூட்டமெல்லாம் பேசிக்கிட்டிருக்கு, இவன் மட்டும் சடார்னு நிமிர்ந்தான். எழுந்துட்டான். சத்தம் வர்ற திக்குல போறான், மெதுவா, குனிஞ்சு, முன்ன கோரைக்குள்ள போவானே அப்படி. முகத்தைப் பார்க்கணுமே, பூரிச்சுப் போச்சு. நான் பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "பாருங்க, பாருங்க, எப்படி ரசிக்கிறான்"னேன். நேரா அந்தப் பாறைகிட்டப் போய் நின்னான். சுத்தி வந்தான். குனிஞ்சு கையை வெச்சுப் பார்த்தான். அதுக்குள்ளேருந்து ஒயர் போகுதுல்ல, அதையே பார்த்துக்கிட்டு நின்னான், ரொம்ப நேரம். அப்புறம் வந்து பழைய இடத்துலயே உட்கார்ந்துட்டான்.

அன்னையிலேருந்துதான் பேசறதில்ல.

ஏன்னு எனக்குப் புரியல. டாக்டருக்கும் புரியல. வயசாகுதுல்ல, சில பேருக்கு அப்படி ஆகும்னார். திருஷ்டியா இருக்கும்னு சுத்திப் போட்டேன். அமலோற்பவம் ஒரு தடவை எங்க வீட்டு கேட்டுக்கு வெளிய வந்து நின்னு, "அண்ணன் எப்படி இருக்காரும்மா, ஒரு தடவை பார்த்துட்டுப் போறேம்மா"ன்னா. இப்ப எங்கேயோ கட்டட வேலைக்குப் போறாளாம். "தூங்கறான், எழுப்பக்கூடாது"ன்னு அனுப்பிட்டேன். மேல ஜன்னல்கிட்டத்தான் நின்னுக்கிட்டிருந்தான், ஆனா இந்த நிலைமையில போய் அவளைப் பார்த்து என்ன ஆகப் போகுது? எங்கேருந்தோ ஒரு கட்டுக் கீரை கொண்டு வந்திருந்தா, அதை மட்டும் வாங்கிக்கிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கீரை. மசிச்சு வெச்சேன். இவன் தொடல.

ஆனா நான் விடல பாத்தியா. மழையோ வெயிலோ, சாயங்காலமானா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து இந்த பெஞ்சுல உட்கார வெச்சுடுவேன். பச்சை கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். படுது. பார்க்கறானான்னு கேட்டா... மடியைத்தான் பார்க்கறான். முன்னெல்லாம் தலையை நிமிர்த்தி விடுவேன், இப்ப எனக்கும் கை வலிக்குது.

இன்னும் கொஞ்ச நாள்தான். பூனாவுல பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம், என்னை வரச் சொல்றா. போனா நான் திரும்ப மாட்டேன்னு நினைக்கறேன். மாப்பிள்ளை வீட்டுல இவனை எப்படி வெச்சுக்கறது? ஒரு ஹோம்ல சொல்லி வெச்சுட்டேன். மூணாவது மாடி, ஏசி ரூம். டிவி இருக்கு. நல்லா பார்த்துக்கறாங்க. இவன்கிட்டச் சொன்னேன். தலையை ஆட்டல, அசைக்கல. சரின்னுதான் அர்த்தம். பிடிக்கலேன்னா முகம் காட்டுவான்ல?

என்னம்மா, எழுந்துட்டே? போறியா? ஓ, அவன் பக்கம் உட்காரணுமா? உட்காரு, உட்காரு. ஆனா நீ கேட்டாலும் பதில் வராது, முன்கூட்டியே சொல்லிட்டேன். அப்புறம் மனசு கஷ்டப்படக்கூடாது.

என்ன கேட்டே? அவன் சம்சாரம் பேரா? அட, இவ்வளவு நேரம் பேசறேன், பேரைச் சொல்லலையா நான்? தமயந்தி. தமயந்தின்னு பேரு. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக்கூடாது.

ஏம்மா, எதுக்கு இப்படி என்னைப் பார்க்கறே? அவனா? அந்தப் பேரை அவனா சொன்னான்? இல்லம்மா, நான்தானே சொன்னேன், என் குரல்தான் உனக்குக் கேட்டிருக்கும். நான் சொல்றதுக்கு முந்தியே சொன்னானா? அவன் உதடு சும்மா அசையும்மா, மாத்திரையால அப்படி. இந்த ஃபவுண்டன் இரைச்சல்ல எது என்னன்னு எப்படித் தெரியும்? இவ்வளவு நாளா கூட இருக்கேன், எங்கிட்டப் பேசாதவன் உங்கிட்டயா பேசப் போறான்?

அழாதேம்மா. வயசுப் பொண்ணு, பொது இடத்துல... என்ன இது. உனக்கும் உடம்பு ஏதோ சரியில்ல, அந்த டாக்டர் நம்பர் தர்றேன், போய்க் காட்டு.

டேய் சபா, அந்தப் பொண்ணு கையை விடுடா. விடு. எழுந்திரு, மாத்திரைக்கு நேரமாச்சு.